இருட்டில் காமிராவுக்குக் கண் தெரிய...

போன மாதம் நைனார்பாளையத்தில் நாத்தனார் பேத்திக்குத் தொட்டில் விசேஷம். பழைய ஓட்டு வீடு. கூடத்தில் ஒற்றை பல்பு, தொட்டிலோ இருட்டு மூலையில்!

படம் எடுத்தது நாத்தனாரின் சின்ன மகன். பொத்தானைத் தொட்டதும் குழந்தை மேல் சிவப்பாகக் கோடுகள் விழுந்தன. நாத்தனார் பதறிவிட்டார்.

"செவப்பு வெளிச்சம் புள்ள கண்ணுக்கு ஆவாதுடா!"

"இது ஃபிளாஷ் இல்லம்மா. காமிரா பாக்கறதுக்கு அடிக்கிற லைட்டு."

எனக்கும் புரியவில்லை. "கொஞ்சம் வெவரமா சொல்லேன்ப்பா" என்றேன்.

விஷயம் இதுதான். வெளுப்பும் கறுப்பும் சேரும் ஓரத்தைத் தேடித்தான் காமிரா தானாக ஃபோகஸ் செய்கிறது. இருட்டில் ஓரமே தெரியாவிட்டால் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும், படம் மங்கிப் போகும். அதனால் மேலே மாட்டிய ஃபிளாஷ், முதலில் கோலம் மாதிரி சிவப்புக் கோடுகளைப் போடுகிறது. காமிரா அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. பிறகுதான் பளிச்! 1979-ல் வந்த கேனான் ஏஎஃப்35எம், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வீசியே தூரத்தை அளந்ததாம்.

"அண்ணனுக்குத் தொட்டில் போட்டப்ப இது இல்லியே அத்தை" என்றான். அந்தப் படத்தில்தான் என் மாமியார் குழந்தையை மடியில் வைத்திருக்கிறார். இன்று அவர் இல்லை, படத்தில் முகமும் இல்லை, வெறும் புகைமூட்டம்.

பொத்தானைப் பாதி அழுத்தி, 'பீப்' சத்தம் வந்த பிறகு முழுதாக அழுத்த வேண்டும். அவசரம் கூடாது. ஓடும் குழந்தையைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் முறையில் வைத்தால் பெரும்பாலும் இந்த விளக்கு எரியாது. புது மிரர்லெஸ் காமிராக்கள் பலவற்றில் ஃபிளாஷின் சிவப்புக் கோடு வேலை செய்யாது. உடம்பிலுள்ள சின்ன விளக்குதான். லென்ஸ் மூடாக்கோ விரலோ அதை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கே இல்லையா? குழந்தை இருக்கும் அதே தூரத்தில் தாயின் சேலை ஜரிகையைக் குறி வையுங்கள், பிடித்துக்கொள்ளும்.

சாதாரணமாக எடுக்கும் படத்தில் இந்த வெளிச்சமோ ஃபிளாஷோ குழந்தையின் கண்ணைக் கெடுக்காது. ஃபிளாஷ் படத்தில் பாப்பா இரண்டும் சிவப்பாகத் தெரிந்தாலும் பயமில்லை. ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறதா? படம் எடுத்த கோணத்தாலும் இருக்கலாம்; கண்புரையாகவோ, ஐந்து வயதுக்குள் அதிகம் வரும் விழித்திரைப் புற்றுநோயாகவோகூட இருக்கலாம். சீக்கிரம் கண்டால் குணப்படுத்தலாம். படத்தையும் எடுத்துக்கொண்டு உடனே கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.