கை வேகம் எல்லாம் சும்மா

"எல்டன் ரிங் வாங்கினேன் மச்சி, நமக்கு செட் ஆகல, மார்கிட்கிட்டயே மூட்டை கட்டிட்டேன்." இந்த வசனத்தைச் சொல்லாத ஆள் எங்க டீம்ல ஒருத்தர்கூடக் கிடையாது. ஏன்னு கேட்டா எல்லாரும் ஒரே பாட்டுத்தான். முப்பதாகப் போகுதாம், கை வேகம் போயிருச்சாம், அதெல்லாம் பதினெட்டு வயசுப் பசங்க ஆடுறதாம். இந்தக் கை வேகக் கதையை நான் சுத்தமா ஒத்துக்க மாட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கேம் பக்கமே தலை வெச்சுப் படுக்காத மக்கள் கொஞ்சம் பொறுத்துக்கங்க, நடுவுல சிலம்பமும் மல்லிகைப் பூவும் வருது :-)

முதல்ல தெரியாதவங்களுக்காக. ஆர்பிஜின்னா ஒரு பாத்திரத்தை எடுத்துக்கிட்டு, அதை வளர்த்து, ஆயுதம் சேர்த்து, ஊர் ஊரா அலையற வகை ஆட்டம். பழைய ஆர்பிஜி பலதுல சண்டை ரொம்ப மரியாதையா நடக்கும். நீ ஒரு அடி, அப்புறம் அவன் ஒரு அடி. சமாளிக்க முடியலையா, நாலு எலியைக் கொன்னு லெவல் ஏத்திக்கிட்டு வந்தா போதும். ஜப்பான்ல ஃப்ரம்சாஃப்ட்வேர்னு ஒரு கம்பெனி 2009-ல டீமன்ஸ் சோல்ஸ்னு ஒண்ணை விட்டாங்க. அதுல இந்த மரியாதை எல்லாம் கிடையாது. அப்புறம் 2011-ல டார்க் சோல்ஸ், 2015-ல பிளட்போர்ன், 2019-ல செகிரோ, 2022 பிப்ரவரியில எல்டன் ரிங். கடைசியா சொன்னது மட்டும் 3 கோடிப் பிரதிக்கு மேல வித்திருக்கு. இத்தனைக்கும் பின்னாடி இருக்கிறவர் ஹிடெடகா மியாசாகி. யாரோ எவரோ இல்லீங்க, நம்ம ஜாதி! ஆரக்கிள்ல வேலை பாத்துக்கிட்டிருந்தவர், 2004-ல 29 வயசுல அதை விட்டுட்டு இந்தக் கம்பெனியில சேர்ந்தார். முப்பதுல எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு புலம்புற மென்பொருள் மக்கள் ஒரு நிமிஷம் யோசிங்க.

சரி, மார்கிட். எல்டன் ரிங்ல லிம்கிரேவ்ங்கிற புல்வெளியில ஆட்டம் ஆரம்பிக்கும். அதைத் தாண்டி ஸ்டார்ம்வீல் கோட்டைக்குப் போற வழியில, கையில முறுக்குன கம்போட ஒரு கொம்பு வெச்ச ஆள் நிப்பான். அவன்தான். இவனோட வித்தை என்னன்னா, கம்பைத் தலைக்கு மேல ஓங்குவான். ஓங்கி, அப்படியே வெச்சிருப்பான். நீங்க "ஐயோ அடிக்கப் போறான்"னு உருண்டு, எந்திரிச்சு நிக்கிற அந்த நொடியில நிதானமா இறக்குவான். சோலி முடிஞ்சுது.

இங்கதான் கை வேகக் கதை உடையுது. உருளும்போது அடி படாம இருக்கிற நேரம் அரை நொடிக்கும் குறைவு. ஒரு விஷயத்தைக் கண்ணால பாத்து விரல் அசைய சாதாரண மனுஷனுக்குக் கால் நொடி போதும். மார்கிட் கம்பை ஓங்கி வெச்சிருக்கிற நேரம் அதை விட எவ்வளவோ அதிகம். அப்போ சாகிறது யாரு? ஓங்கினதைப் பார்த்ததும் பட்டனை அமுக்குற ஆள். அதாவது கை வேகமான ஆள்! இதுல இன்னொரு கூத்தும் இருக்கு. பயத்துல பட்டனை ரெண்டு தடவை தட்டினா, முதல் உருளல் முடியறதுக்குள்ள ரெண்டாவதையும் கேம் ஞாபகம் வெச்சுக்கும். நீங்க நிக்கணும்னு நினைக்கிறப்போ உங்க ஆள் இன்னொரு தடவை உருண்டுக்கிட்டிருப்பான். அப்புறம், எல்டன் ரிங்ல உருளறதுக்கும் ஓடறதுக்கும் ஒரே பட்டன். அமுக்குறப்போ உருள மாட்டான், விடறப்போதான் உருளுவான். அழுத்திப் பிடிக்கிற பழக்கம் இருக்கிறவங்களுக்கு "கேம் லேட்டா ரெஸ்பாண்ட் பண்ணுது"ன்னு தோணும். ஒண்ணும் லேட் இல்ல, தட்டிட்டு உடனே விடணும், அவ்வளவுதான்.

இதை எனக்கு அழகா விளக்கினது எங்க சித்தப்பா. அவருக்கும் வீடியோ கேமுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. கீரமங்கலத்துப் பக்கம் மல்லிகை, முல்லை, காக்கரட்டான், சம்பங்கின்னு பூ விவசாயம்தான் பிழைப்பு. அவரும் அதுதான். விடியறதுக்கு முன்னாடியே தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு மொட்டு எடுக்கப் போகணும். நான் வீட்டுல இருந்தே வேலை பார்க்கிற ஆளு, அவங்க வீடு பக்கத்து வீடு. அவர் பையன், காலேஜ் படிக்கிற தம்பி, என் கம்ப்யூட்டர்ல விடிய விடிய மார்கிட்டோட மல்லுக்கட்டுவான். ஒரு நாள் நாலு மணி வாக்குல சித்தப்பா தலையில லைட்டோட உள்ள வந்தார். பையனைத் திட்டப் போறார்னு நினைச்சேன். நின்னு நாலஞ்சு சாவு பாத்தார்.

"ஏண்டா, அவன் ஓங்குனா ஏன் நகர்ற? இறக்குனாத்தான நகரணும்?"

"இல்லப்பா, அவன் எப்ப இறக்குவான்னு தெரியல."

"கம்பையே பாத்தா எப்படித் தெரியும்? ஆளைப் பாரு. தோளைப் பாரு. தோளு இறங்காம கம்பு இறங்குமா?"

சொல்லிட்டு அவர் பாட்டுக்குத் தோட்டத்துக்குக் கிளம்பிட்டார். தம்பி என்னைப் பாத்து, "அண்ணே, அப்பா யூடியூப் பாக்குறாரா?"ன்னான் :-)

யூடியூப் எல்லாம் இல்ல. சித்தப்பா சின்ன வயசுல சிலம்பம் பழகினவர். சிலம்பத்துல கம்பைக் கையில குடுக்கிறதுக்கு முன்னாடி காலடி பழக்குவாங்க. எங்க நிக்கணும், எந்தக் காலை எடுக்கணும், எவ்வளவு தூரம் விலகணும்ங்கிறதெல்லாம் முதல்ல. சுத்தறதும் அடிக்கிறதும் அப்புறம். நாம கேம்ல தலைகீழா ஆரம்பிக்கிறோம். எந்த வாள் பெரிசு, எந்த மந்திரம் அதிகம் அடிக்கும்னு தேடி எடுத்துட்டுப் போய் நிக்கிறோம். கால் எங்க இருக்குன்னே தெரியாது.

அதனால நான் யாருக்காவது சொல்லிக் குடுத்தா முதல் விதி இதுதான்: ஒரு பாஸ்கிட்ட போனா முதல் பத்து உயிர் அடிக்கவே கூடாது. ஒரு அடிகூட. சுத்தி வரணும், பாக்கணும், சாகணும். எந்த அடிக்கு அப்புறம் அவன் மூச்சு வாங்குறான், எந்த அடி தொடர்ந்து மூணு வரும், எது ரெண்டோட நிக்கும், நாம தள்ளி நின்னு மருந்து குடிச்சா என்ன பண்றான் (மார்கிட் கத்தி வீசுவான், படுபாவி). வேலையில ஒரு பக் வந்தா முதல்ல என்ன பண்றோம்? கோடை மாத்தறதில்லையே. திரும்பத் திரும்ப அதை வரவழைச்சு, லாக் படிச்சு, எந்த இடத்துல உடையுதுன்னு பாக்கிறோம். இங்கயும் அதேதான்.

இதுக்கு முன்னாடி பையைக் காலி பண்ணிடணும். ரூன்னு சொல்ற காசு கையில இருந்தா செத்ததும் அது அங்கயே விழும். எடுக்கறதுக்குள்ள இன்னொரு தடவை செத்தா கோவிந்தா. திருவிழாக் கூட்டத்துல பையில பணத்தோட நடக்கிறவன் சாமியைப் பாப்பானா, பையைப் பாப்பானா? எல்லாத்தையும் செலவழிச்சுட்டுப் போனா சாவுக்கு விலை இல்ல. விலை இல்லாத சாவுலதான் நிதானமாப் படிக்க முடியும்.

எதுல செலவழிக்கிறது? இதுல எனக்கும் நிறைய பேருக்கும் ஒத்துப் போகாது. பலத்துல கொட்டு, அறிவுல கொட்டுன்னு சொல்லுவாங்க. நான் வீகர்ல கொட்டுங்கிற கட்சி, அதாவது உயிர் அளவு. 40 வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு ஏத்தலாம். அதிகம் அடிக்கிற வாள் சண்டையைச் சீக்கிரம் முடிக்கும். அதிகம் தாங்கற உடம்பு சண்டையை நீட்டும். நீட்டினாத்தானே அவனைப் பாக்க முடியும்? ரெண்டு அடியில சாகிறவன் எந்தக் காலத்துல மூணாவது அடியைப் படிக்கிறது? அப்படியே தூக்கிட்டுப் போற எடையும். மொத்தத்துல 70 சதவீதத்தைத் தாண்டினா மூட்டை உருண்ட மாதிரிதான் உருளுவான். நல்லா இருக்குன்னு இரும்புச் சட்டை போட்டுக்கிட்டு, பிறகு கை வேகம் போச்சுன்னு சொன்னா எப்படி?

அப்புறம் ஸ்டாமினா. அந்தப் பச்சைக் கோடு. அடிக்க, உருள, தடுக்க எல்லாத்துக்கும் அதே கோடுதான். மூணு அடி அடிச்சுட்டு, நாலாவதா "இன்னும் ஒண்ணு"ன்னு ஆசைப்பட்டா உருளறதுக்கு மிச்சம் இருக்காது. தம்பி ஒரு நோட்டுல ஒவ்வொரு சாவுக்கும் ஒரு வரி காரணம் எழுதினான். பாதிக்கு மேல இதே வரிதான்: "இன்னும் ஒண்ணு". கேடயத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நின்னா அந்தக் கோடு மெதுவாத்தான் நிரம்பும், இது பல பேருக்குத் தெரியாது. தடுத்தாச்சா, இறக்கிடணும்.

பெரிய உருவத்துக்குப் பயப்படறதும் ஒரு வியாதி. எங்க ஊர் மெய்நின்றநாதர் கோயில்ல 81 அடி உயர சிவன் சிலை இருக்கு. எதிர்ல ஆளுயரத்தை விடக் கொஞ்சம் அதிகமா நக்கீரர். பாக்கிறப்போ எல்லாம் பாஸ் ஃபைட் ஸ்க்ரீன்ஷாட் மாதிரியே இருக்கும் (கோயில் ஆளுங்க மன்னிக்கணும்). கேம்ல இந்த அளவுல ஒண்ணு வந்தா செய்ய வேண்டியது, குறி பூட்டறதை எடுத்து விடறது. பூட்டி வெச்சா கேமரா வானத்தைப் பாக்கும், காலை எங்கிருந்து தூக்கறான்னு தெரியாது. எடுத்து விட்டுட்டு காலடியில நின்னா முக்கால்வாசி அடி தலைக்கு மேல போயிடும்.

பாக்கிறதுதான் வித்தைங்கிறதுக்கு என்கிட்ட ஒரு சாட்சி இருக்கு. எல்டன் ரிங்கோட உச்சக்கட்டக் கொடுமை மலேனியா. நம்மளை அடிச்சா அவ உயிர் ஏறும். தடுத்தாலும் ஏறும். 2022-ல ஒரு ஆட்டக்காரர் "லெட் மீ சோலோ ஹர்"ங்கிற பேர்ல, தலையில ஒரு ஜாடி, இடுப்புல கோவணம், கையில ரெண்டு வாள், இவ்வளவோட முன்பின் தெரியாதவங்க ஆட்டத்துக்குள்ள எல்லாம் போய், நீங்க சும்மா நில்லுங்க நான் பாத்துக்கிறேன்னு தனியா அவளை முடிச்சுக் குடுத்தார். ஒண்ணு ரெண்டு இல்ல, ஆயிரம் தடவைக்கு மேல. வெளியிட்ட பண்டாய் நாம்கோ கம்பெனியே அவருக்கு ஒரு வாளைப் பரிசா அனுப்பிச்சாங்க. சட்டை இல்ல, கவசம் இல்ல. ஒரு தப்படி வெச்சா ஆள் காலி. அவர்கிட்ட இருந்தது அவளோட ஒவ்வொரு அசைவும் மனப்பாடமா இருந்தது மட்டும்தான். அவ மேல எழும்பி, வாளைப் பின்னால இழுத்து ஒரு கணம் அந்தரத்துல நிப்பா. நாம எல்லாம் அந்தக் கணத்துல கடைசியா ஒரு அடி வெக்கலாமான்னு கணக்குப் போடுவோம். அவர் அப்பவே தப்பிக்கிற வேலையில இறங்கியிருப்பார்.

"அப்போ துணைக்கு ஆவியைக் கூப்பிடறது கோழைத்தனமா?"ன்னு ஒரு கோஷ்டி கேக்கும். "போய் ஆடிப் பழகு"ன்னு மூஞ்சியில அடிக்கிற இன்னொரு கோஷ்டியும் உண்டு. ரெண்டும் எனக்கு ஆகாது. ஆவி, மந்திரம், லெவல் எல்லாம் கேமே குடுக்கிற வசதி. கை சரியா அசைக்க முடியாதவங்களுக்கு சுலப மோட் வேணும்னு 2019-ல செகிரோ வந்தப்போ பெரிய சண்டை நடந்தது. அவங்க கேட்டது நியாயம்தான். ஆவியில என் பிரச்னை வேற. ஆவி இருந்தா பாஸ் அதைத்தான் அடிப்பான். நீங்க முதுகைப் பாத்துக்கிட்டிருப்பீங்க. அது செத்ததும் திரும்புவான் பாருங்க, அப்போதான் முதல் தடவையா அவன் முகத்தைப் பாக்கிறீங்க. அதனால முதல்ல தனியாப் போய்ப் பழகிக்கங்க, பிறகு யாரை வேணா கூப்பிடுங்க. கைடும் அப்படித்தான். கோனார் நோட்ஸ் படிச்சுப் பாஸ் பண்ணின பரம்பரைதான் நாமளும், இல்லைங்கல. ஆனா பாடத்தை ஒரு தடவையாவது புரட்டினவனுக்குத்தான் நோட்ஸ் உதவும்.

ஓடி வந்துடறதும் தப்பில்ல. மார்கிட் முடியலையா, தெற்க வீப்பிங் பெனின்சுலா மொத்தமும் கிடக்கு, போய்ச் சுத்திட்டு வரலாம். முர்க்வாட்டர் குகையில பேச்சஸ்னு ஒரு களவாணி, அவன்கிட்ட 5,000 ரூனுக்கு ஒரு விலங்கு விக்கிறான். மார்கிட்டை ரெண்டு தடவை தரையோட கட்டிப் போடும். அந்தக் களவாணியை முதல்ல கொல்லாம விட்டிருக்கணும், அது தனிக் கதை.

வயசுக்கும் இந்த கேமுக்கும் உண்மையான சம்பந்தம்னா ஒண்ணே ஒண்ணுதான், நடுவுல நிறுத்தற வசதி இல்லாதது. பதினெட்டு வயசுப் பையனை யாரும் கூப்பிட மாட்டாங்க. நமக்கு மேனேஜர் போன் வரும், கேஸ் சிலிண்டர் வரும், பாஸுக்குக் கால்வாசி உயிர் இருக்கறப்போ அம்மா "சாப்பாடு ஆறுது"ம்பாங்க. அதுக்கும் 2022-லயே ஒரு வழி கண்டுபிடிச்சுட்டாங்க. மெனுவுக்குள்ள சாமான் பட்டியலுக்குப் போய், அங்க உதவிங்கிறதுல மெனு விளக்கம்னு ஒண்ணைத் திறந்தா கேம் அப்படியே உறைஞ்சு நிக்கும். ஓங்கின கம்போட மார்கிட் நிக்கட்டும், நீங்க சாப்பிட்டுட்டு வாங்க.