மாரியோவுக்கு எத்தனை உசுரு?

மொழிக்கழக ஆண்டு மலரில் கணினி விளையாட்டைப் பற்றிக் கட்டுரையா என்று மூத்தவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். மரபுக் கவிதைக்கும் ஆய்வுக் கட்டுரைக்கும் நடுவே, சிவப்புத் தொப்பியும் மீசையுமாய் ஒரு குழாய்க்காரனுக்கு என்ன வேலை? பொறுத்தருள்க. பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வாய் ஓயாமல் பேசும் இடம் விளையாட்டுதான். அங்கே தமிழ் இருக்கிறதா என்று பார்ப்பதும் மொழிக்கழகத்தின் வேலை என்பது என் கருத்து.

‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ 1985 செப்டம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. அதன் மொத்த அளவு 40 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. இடம் போதாததால் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே உருவத்தை வைத்து, நிறத்தை மட்டும் மாற்றினார்கள்! அசல் கருவி வாங்க வசதியில்லாத மலேசியக் குடும்பங்களுக்குத் தைவானின் ‘மைக்ரோ ஜீனியஸ்’ கைகொடுத்தது. ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் என் சித்தப்பா தலைமுறை மாரியோவைச் சந்தித்தது அதில்தான்.

1996இல் மாரியோ முப்பரிமாண உலகத்துக்குப் போய்விட்டான். இடமிருந்து வலமாக ஓடி, தாவி, குழாய்க்குள் இறங்கும் அந்தப் பழைய ஆட்டம் ஓரங்கட்டப்பட்டது. பழையவற்றையே கையடக்கக் கருவிகளுக்கு ஏற்ப மாற்றி விற்றார்களே தவிர, புதிதாக ஒன்றும் செய்யவில்லை. 2006 மே மாதம் நிண்டெண்டோ டிஎஸ் கருவியில் ‘நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ வந்தது. 30 மில்லியனுக்கும் மேல் விற்றது. காளான், ஆமை, கொடிக்கம்பம் எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால், சுவரை உதைத்துத் தாவும் வித்தையை 1996 ஆட்டத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்தார்கள். திரையையே அடைக்கும் அளவுக்கு மாரியோவை வளர்த்துவிடும் ராட்சதக் காளானும் புதிது. பழையதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காமல் பிள்ளைகளின் கால்சட்டைப் பைக்குள் வைத்தார்கள். அந்த மறுபிறப்பில் எனக்குப் பிடித்தது இதுதான்.

எங்கள் லயத்தில் பெரியம்மா மகனிடம் அந்தக் கருவி ஒன்று, இரண்டாம் கையாக வந்து சேர்ந்தது. ஒரு கருவிக்கு ஆறேழு பேர். தோட்டத்துக்கு ஒரு மாரியம்மன் கோயில் இருக்கும் ஊரில் மாரியோவுக்கு வேறென்ன பெயர் வரும்? ‘மாரி அண்ணன்’ ஆனான். நடந்து வரும் காளானுக்குக் ‘குண்டுத்தலையன்’ என்று பெயர். “டேய், ஆமை வருது, குதி!” “ஒரே ஒரு உசுருதான் பாக்கி, செத்தா எங்கிட்ட குடுத்துடணும்.” இப்படித்தான் மாலைப்பொழுது போகும். கவனித்துப் பாருங்கள், அந்த ஆட்டத்தில் பேச்சு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மாரியோ அவ்வப்போது குரல் கொடுப்பான், அவ்வளவுதான். அவன் பேசாமல் விட்ட இடத்தையெல்லாம் நாங்கள் தமிழால் நிரப்பினோம். எந்த ஆசிரியரும் அதற்குப் புள்ளி போடவில்லை.

2016இல் தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். அதே ஆண்டில்தான் ‘மொபைல் லெஜண்ட்ஸ்’ கைப்பேசிக்கு வந்தது. அது பேசும் விளையாட்டு. யார் யாரைக் கொன்றார்கள் என்பதை ஆங்கிலத்தில் அதுவே அறிவித்துவிடும். உடன் ஆடும் நண்பர்களிடம் மலாயில் கத்துவோம். ‘உசுரு’ எங்கள் வாயில் ‘ஞாவா’ ஆகிவிட்டது. படிவம் மூன்றுக்குள், தமிழ்ப்பள்ளியில் என்னோடு படித்தவர்கள்கூட, பக்கத்தில் உட்கார்ந்தே என்னிடம் மலாயில் ஆடினார்கள். மலாய் நண்பர்களோடு மலாயில் ஆடுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நாங்கள் மட்டும் இருக்கும்போதும் அப்படியே ஆடியதைத்தான் சொல்கிறேன். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுத்தவர்கள்தாம் அவர்களும்.

மலாக்காக்காரர்களுக்கு இதில் அச்சம் கூடுதலாகவே இருக்க வேண்டும். காஜா பெராங்கில் வாழும் மலாக்கா செட்டிகள், சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்காக வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களின் முன்னோர் 1781இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் நிற்கிறது. பொங்கலை விட்டதில்லை. ஆனால், வீட்டுப் பேச்சு மலாய் சார்ந்தது. நான் அவர்களைக் குறை கூறவில்லை. இத்தனை தலைமுறையாகச் சமயத்தைக் காத்தது சாதாரணமா? நான் எண்ணிப் பார்ப்பது இதுதான்: மொழி முதலில் விலகுவது பூசையறையிலிருந்து அல்ல, பிள்ளைகள் ஆடும் முற்றத்திலிருந்து. மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பள்ளி மணி அடித்த பிறகு அந்தப் பிள்ளைகள் என்ன மொழியில் ஆடுகிறார்கள்?

‘அதற்குத்தான் மரபு விளையாட்டு விழா நடத்துகிறோமே’ என்பீர்கள். நடத்துகிறோம். பல்லாங்குழிப் பலகையை மேசைமேல் வைக்கிறோம், விருந்தினர் நான்கு சோழி போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார், மாலையில் பலகை அலமாரிக்குள் போகிறது. மாரியோவுக்கும் இந்த நோய் வந்ததுண்டு. 2006க்குப் பின் 2009இலும் 2012இலும் அதே அச்சில் வார்த்த ஆட்டங்கள் வந்தன. 2012இல் மட்டும் இரண்டு! ஒன்றில் நாணயம் பொறுக்குவதே பிழைப்பு. எனக்குச் சலித்துவிட்டது. 2023இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்’தான் அந்தச் சலிப்பை உடைத்தது.

2023இல் இன்னொன்றும் நடந்தது. கனடாவில் ஒரு சிறு குழு ‘வெண்பா’ என்ற பெயரில் ஒரு விளையாட்டை வெளியிட்டது. 1980களில் அங்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம், சிதைந்துபோன ஒரு சமையல் குறிப்பேடு, இட்டிலி அவிக்கும் புதிர். கையடக்கமான ஸ்விட்ச் கருவியிலும் ஆடலாம். 2024இல் அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. டொரோண்டோவில் முடிந்தது நம்மால் முடியாதா?

கணினித் தமிழுக்கு நாம் புதியவர்களும் அல்லர். மாரியோ பிறந்த அதே 1985இல் நம் முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கிவிட்டார். விளையாட்டு உருவாக்கும் இலவசக் கருவியான ‘கோடோ’வில் முன்பு ‘கொ’ என்று எழுதினால் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று சிதறும். 2023இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து அந்தத் தொல்லை தீர்ந்தது. கணினித் துறையில் இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்பு தேடும் நம் மாணவர்கள் எத்தனை பேர்! அவர்களோடு தமிழ் படிக்கும் ஒருவரும் படம் வரையும் ஒருவரும் சேர்ந்தால் போதும்.

எதை உயிர்ப்பிப்பது என்று கேட்டால், என் கை ‘கல்லா மண்ணா’வைத்தான் காட்டும். பிடிப்பவன் மண்ணைக் கேட்டால் மற்றவர்கள் கல்லில் நிற்க வேண்டும், மண்ணில் கால் வைத்தால் பிடிபடுவார்கள். மேடைக்கு மேடை தாவும் விளையாட்டு வேறென்ன? லயத்துத் திண்ணை, கால்வாய் விளிம்பு, கோயில் படி, கவிழ்த்துப் போட்ட பால்வாளி எல்லாம் கல். மற்றதெல்லாம் மண். முதல் கட்டத்துக்கான வரைபடத்தை நான் தாளில் போட்டு வைத்திருக்கிறேன். திரையின் மேல் மூலையில் ‘உசுரு: 3’ என்று எழுதியிருக்கிறேன். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் மொழிக்கழக அறைக்கு வாருங்கள், வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்குதான் இருப்பேன்.