இரண்டாவது ஓட்டம்

"மாமா, ஒரு ஓட்டத்தில்கூட முதலில் வராதவருக்கு எப்படி முதல் பரிசு கொடுப்பார்கள்?"

படிவம் ஐந்தில் படிக்கும் என் அக்காள் மகன் கைப்பேசியும் கையுமாகக் கேட்ட கேள்வி இது. அவன் பார்த்துக்கொண்டிருந்தது அமெரிக்காவின் தேசிய மோட்டோகிராஸ் போட்டி. மண்ணிலும் மணலிலும் சேற்றிலும் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பந்தயம். கப்சாய் ஓசையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் ஈர்ப்பு வருவது இயல்புதான். ஆனால் அவன் கேட்டது வேகத்தைப் பற்றி அல்ல, விதியைப் பற்றி. அதுதான் எனக்குப் பிடித்தது.

அந்தப் போட்டி 1972 முதல் நடந்துவருகிறது. கோடைக்காலம் முழுக்க ஊர் ஊராகப் போவார்கள். 40 பேர் ஒரே வரிசையில் நிற்க, தடுப்பு விழுந்ததும் எல்லாரும் முதல் வளைவை நோக்கிப் பாய்வார்கள். ஒரு நாளில் ஒரு பிரிவுக்கு இரண்டு ஓட்டங்கள். ஒவ்வொன்றும் 30 நிமிடம், அதற்கு மேல் 2 சுற்று. முதலிடத்துக்கு 25 புள்ளி, அடுத்து 22, 20, 18 என்று இறங்கும். இரண்டு ஓட்டத்தையும் கூட்டித்தான் அன்றைய வெற்றியாளர் யார் என்று சொல்வார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒருவர் முதல் ஓட்டத்தில் முதலாவது, அடுத்ததில் நான்காவது: 43 புள்ளி. இன்னொருவர் அப்படியே தலைகீழாக வந்தால் அவருக்கும் 43. இரண்டிலும் இரண்டாவதாக வந்தவருக்கோ 44. எதிலும் வெல்லாதவர் மேடையின் உச்சியில் நிற்பது இப்படித்தான்.

புள்ளி சமமானால்? இரண்டாவது ஓட்டத்தில் முன்னால் வந்தவருக்கே வெற்றி. இந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன். முதல் ஓட்டம் முடியும்போதே தடம் பள்ளமும் வடுவுமாகக் கிழிந்து கிடக்கும். கை மரத்துப்போயிருக்கும், வெயில் ஏறியிருக்கும். மாசசூசெட்ஸின் சவுத்விக்கில் மணல் சக்கரத்தை விழுங்கும். கொலராடோவின் லேக்வூட்டில் மேட்டுநிலக் காற்றின் அடர்த்தி குறைவு, இயந்திரமே மூச்சு வாங்கும். அந்த நிலையில் ஓட்டிக் காட்டுவதற்குத்தான் கூடுதல் மதிப்பு. 2023இல் ஆஸ்திரேலிய இளைஞர் ஜெட் லாரன்ஸ் பெரிய பிரிவில் தம் முதல் பருவத்திலேயே 11 போட்டிகளின் 22 ஓட்டங்களையும் வென்றார். அவருக்கு முன் இப்படி ஒன்றையும் விடாமல் வென்றவர்கள் ரிக்கி கார்மைக்கேல், ஜேம்ஸ் ஸ்டூவர்ட் இருவர் மட்டுமே.

அதே ஓட்டக்காரர்களை அரங்குக்குள் கொண்டுவந்தால் விதி மாறிவிடும். சூப்பர்கிராஸில் முதலில் தகுதி ஓட்டங்கள். அதில் தவறியவர்களுக்குக் கடைசி வாய்ப்பு ஓட்டம் ஒன்று, அதிலிருந்து 4 பேர் மட்டும் தேறுவார்கள். முடிவில் 22 பேர் மோதும் இறுதி ஓட்டமே எல்லாம். ஒரு வளைவில் சறுக்கினால் அந்த இரவு போயிற்று. 2018இல் சில போட்டிகளுக்கு இன்னொரு முறையும் வந்தது. குறுகிய ஓட்டங்கள் மூன்று, இடங்களைக் கூட்டி எண் குறைந்தவருக்கு வெற்றி. முதலாவது, முதலாவது, ஐந்தாவது என்று வந்தவருக்கு 7. மூன்றிலும் இரண்டாவதாக வந்தவருக்கு 6.

ஆள் அதே ஆள். ஆனால் எதை எண்ணுகிறோம் என்பது மாறினால் யார் சிறந்தவர் என்பதும் மாறுகிறது.

இதை ஏன் மாணவர் பக்கத்தில் எழுதுகிறேன் என்று கேட்கலாம். 2021இல் யுபிஎஸ்ஆர், அடுத்த ஆண்டு பிடி3 தேர்வுகள் நீக்கப்பட்டபோது வீட்டுக்கு வீடு வாதம் நடந்தது. தேர்வு வேண்டுமா வேண்டாமா என்றே பேசினோம். எதை, எத்தனை முறை, எப்படி அளப்பது என்று பேசியவர்கள் குறைவு. இதே பையனை, காய்ச்சலோடு எழுதிய ஒரே ஒரு தேர்வை வைத்து அறிவியல் பிரிவுக்கு வேண்டாம் என்றது ஒரு பள்ளி. அந்த ஒரு தேர்வுதான் கணக்கு என்பதும் அவனுக்கு முன்னரே தெரியாது. அக்காள் மூன்று முறை அலைந்த பிறகுதான் இடம் கிடைத்தது. அலைய நேரமில்லாத, கேட்கத் தயங்குகிற பெற்றோரின் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? மண் தடத்தில் ஓடுபவருக்குக்கூட விதியை முதலிலேயே சொல்லி, இரண்டு ஓட்டம் கொடுக்கிறார்கள்.

பந்தயக்காரர்களின் எல்லா விதியும் நல்லவை என்று சொல்ல வரவில்லை. 2023இல் பருவக் கடைசியில் மூன்று போட்டிகளைச் சேர்த்து, மூன்றாவதற்கு மும்மடங்குப் புள்ளி கொடுத்தார்கள். பார்ப்பவர்களுக்குப் பரபரப்பு, ஓட்டுபவருக்குச் சூதாட்டம். அதே ஆண்டு சூப்பர்கிராஸில் ஈலை டோமாக் 17 போட்டிகளில் 16ஆவதற்கு வந்தபோது புள்ளிப் பட்டியலில் முன்னணியில் இருந்தார். சொந்த மாநிலமான கொலராடோவில், ஒரு தாவலில் இறங்கியபோது குதிகால் தசைநாண் கிழிந்தது. பட்டம் சேஸ் செக்ஸ்டனுக்குப் போனது. அதை எந்த விதியாலும் தடுத்திருக்க முடியாது.

அக்காள் மகன் அந்தக் கேள்வியைக் கேட்ட அன்றுதான் சோதனைத் தேர்வில் கூடுதல் கணிதம் முதல் தாளைச் சொதப்பிவிட்டு வந்திருந்தான். மறுநாள் இரண்டாம் தாள். இனிமேல் படித்து என்ன பயன் என்று புத்தகத்தை மூடி வைத்திருந்தான். நான் புள்ளிக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியதும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இரண்டாம் தாள் இரண்டரை மணி நேரம்தானே மாமா?"

"ஆமாம்."

"அதுக்கு மேலே இரண்டு சுற்று கிடையாதே?" என்று சிரித்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனான்.