தேர்தல் தோல்வியும் நமது பகுத்தறிவும்

தேர்தல் முடிவு வெளியான மறுநாள் தோற்ற கட்சித் தோழர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சாவு வீட்டில்கூட அத்தனை துக்கம் இராது. அப்படிப்பட்ட ஒரு நாள் மாலை, மயிலாப்பூர்த் தோழர் ஒருவர் தியாகராய நகர் பனகல் பார்க்கில் நம்மோடு உட்கார்ந்துகொண்டு, தமது கட்சி தோற்றதற்கு மூன்று காரணங்கள் சொன்னார். ஒன்று, எதிரிகள் பணத்தை வாரி இறைத்தார்கள். இரண்டு, ஜனங்களுக்குப் புத்தியில்லை. மூன்று, காலம் சரியில்லை.

மூன்றாவதைக் கேட்டதும் நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல நேரம் பார்த்துத்தான் எல்லா அபேட்சகர்களும் மனுக் கொடுக்கிறார்கள். ஜெயிப்பவர் ஒருவர்தானே! மற்றவர்களுடைய நல்ல நேரம் எங்கே போயிற்று? சுயமரியாதைக்காரன் வாயில் இந்தப் பேச்சு வரலாமா என்று கேட்டோம். தோழர் அதை மட்டும் வாபஸ் வாங்கிக்கொண்டார். மற்ற இரண்டையும் விடவில்லை.

"தோழரே! நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடமே தோற்ற கட்சியின் இடம் அல்லவா?" என்றோம். தியாகராயர், பனகல் அரசர், டாக்டர் நடேசன், டாக்டர் நாயர், உஸ்மான் என்று இந்தப் பேட்டையின் தெருவும் தோட்டமும் சொல்லுகிற பெயர்களெல்லாம் ஜஸ்டிஸ் கட்சிப் பெயர்களே. அந்தக் கட்சி 1937-ஆம் வருஷத் தேர்தலில் மண்ணைக் கவ்வியது. சென்னை மாகாணச் சட்டசபையின் 215 ஸ்தானங்களில் காங்கிரஸ் 159 பிடித்தது. ஜஸ்டிஸ் கட்சிக்கு வந்தது அதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. முதல் மந்திரியாயிருந்த பொப்பிலி ராஜா, தமது சொந்த ஊரான பொப்பிலியிலேயே வி. வி. கிரியிடம் தோற்றார்.

அன்றும் ஜனங்களுக்குப் புத்தியில்லை என்று சொன்னவர்கள் உண்டு. நாம் கேட்பது இதுதான். அன்று வோட்டு யாருக்கு இருந்தது? கூலிக்காரனுக்கா, குடிசைக்காரனுக்கா? சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவனுக்கே பெரும்பாலும் வோட்டு. ஜமீன்தார்களும் மிராசுதார்களும் தங்கள் கைக்குள் இருப்பதாக நம்பிய கட்சி, அந்தச் சொத்துக்காரன் வோட்டிலேயே தோற்றது என்றால், குற்றம் வோட்டரிடமா, கட்சியிடமா? விளைபொருளுக்கு விலையில்லாமல் குடியானவன் வரி கட்டத் திண்டாடிய காலத்தில், மந்திரிக்கு மாதச் சம்பளம் நாலாயிரத்து முன்னூறு ரூபாய்க்கு மேல். அடுத்து வந்த காங்கிரஸ் மந்திரிகள் 500 ரூபாய் போதும் என்றார்கள். ஒருவன் ஜெயிலுக்குப் போய்வந்து கிராமம் கிராமமாய் நடக்கிறான். மற்றவன் பங்களாவில் இருந்துகொண்டு ஆள் அனுப்புகிறான். ஜனங்கள் யாரை நம்புவார்கள்? வகுப்புவாரி உரிமையும் பெண்களுக்கு வோட்டும் தந்த கட்சி அது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அப்பன் செய்த நன்மைக்குப் பிள்ளை எத்தனை நாள் வட்டி வாங்க முடியும்?

நிற்க, ஜெயித்தவனிடம் எப்படி நடந்துகொள்வது என்பது இன்னொரு சங்கதி. 1938-இல் ராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை பள்ளிக்கூடங்களில் கட்டாய இந்தியைப் புகுத்தியது. தோற்றோமே என்று மூலையில் உட்காராமல் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். 1940 பிப்ரவரியில் அந்தக் கட்டாயம் நீங்கிற்று. ஆனால் அதே சட்டசபையில்தான், 1938-இல் எம். சி. ராஜா கொண்டுவந்த, தாழ்த்தப்பட்டோருக்குப் பொது இடங்களில் உள்ள தடைகளை நீக்கும் சட்டமும் நிறைவேறியது. இந்திக்காகச் சண்டை போட்டோம் என்பதற்காக இதையும் கெட்டது என்று சொல்லிவிட முடியுமா?

மயிலாப்பூர்த் தோழர், "அதெல்லாம் பழங்கதை" என்றார். சரி, 1967-க்கு வாருங்கள் என்றோம். இந்தப் பார்க்கிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் திருமலைப் பிள்ளை ரோட்டில் காமராசர் வசித்த வாடகை வீடு நினைவில்லமாக இருக்கிறது. பள்ளிக்கூடங்களைத் திறந்து பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போட்ட அந்த மனிதர், தமது சொந்த ஊரான விருதுநகரில் 1,285 வோட்டில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார்.

அந்தத் தேர்தலில் பெரியார் எந்தப் பக்கம்? காமராசர் பக்கம். 1949-இல் தம்மை விட்டுப் பிரிந்துபோன அண்ணாதுரை, அதுவும் ராஜாஜியோடு கூட்டுச் சேர்ந்து வருகிறார் என்றால் அவருக்குக் கோபம் வராதா? ஊர் ஊராய் எதிர்த்துப் பேசினார். முடிவோ நேர்மாறாய் வந்தது. ஜெயித்த அண்ணாதுரை பதவி ஏற்குமுன் திருச்சிக்குப் போய்ப் பெரியாரைப் பார்த்தார். பதினெட்டு வருஷ வசவையும் மனதில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தியிருக்கலாம், பெரியார் சாத்தவில்லை. புரோகிதரில்லாத சுயமரியாதைக் கலியாணம் சட்டப்படி செல்லாது என்று 1950-களில் சென்னை ஐக்கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருந்தது. எத்தனை குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளின் வாரிசுரிமை என்னவாகுமோ என்று கலங்கியிருக்கும்! அந்தக் கலியாணங்களை, முன் நடந்தவை உட்பட, செல்லுபடியாக்கிய 1967-ஆம் வருஷத்துச் சட்டத்தைச் செய்தது யார்? பெரியார் யார் ஜெயிக்கக் கூடாது என்று பாடுபட்டாரோ, அவர்கள்தான். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அந்த மந்திரிசபையை ஆதரித்தார்.

தோழர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அவர் வேலை செய்த வட்டாரத்தில் சாவடிவாரியாக விழுந்த வோட்டுக் கணக்கு. மாடவீதிப் பக்கம் அவர் எதிர்பார்த்தபடியே விழுந்திருந்தது. குப்பத்துச் சாவடிகளில்தான் அடி.

"அங்கே எத்தனை தடவை போனீர்கள்?" என்று கேட்டோம்.

"ஒரு தடவை. ஊர்வலத்தோடு."

"பணம் வாங்கினார்கள் என்று யார் சொன்னது?"

"இங்கேதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள்."

ஞாயிற்றுக்கிழமை காலை இருவருமாய் அங்கே போவதென்று முடிவாயிற்று. நோட்டீசு கிடையாது, கொடி கிடையாது. கேட்டுக்கொண்டு வருவதற்கு மட்டும்.