பாட்டி கண்ட பிழை

சென்ற தீபாவளிக்குப் பாட்டிக்கென்று ஒரு வாழ்த்து அட்டை செய்தேன். ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் மரம் சீவியவர் அவர். அதனால் அட்டையின் பின்னணிக்குப் பால் மரத்தின் வெட்டுக் கோடுகளையே எடுத்துக்கொண்டேன்.

கடைக்குப் போகவில்லை. பெரிய அழிப்பான் ஒன்றில் சாய்கோடுகளைச் செதுக்கினேன். அது முதல் அச்சு. பென்சில் முனையிலுள்ள வட்ட அழிப்பான் இரண்டாவது. அது கோலப் புள்ளிக்கு.

இரண்டு பின்னணி அச்சுகளைச் சேர்க்கும்போது பலரும் இரண்டையும் அடர்ந்த மையில் பதித்துவிடுகிறார்கள். அப்போது எதுவும் கண்ணில் நிற்காது. ஒன்று அடங்கியிருக்க வேண்டும். கோட்டு அச்சில் மையைத் தொட்டு, முதலில் வேண்டாத தாளில் ஒருமுறை பதியுங்கள். மீந்த மையோடு அட்டையில் பதித்தால் நிறம் வெளிறி வரும். நன்றாகக் காய்ந்தபின் அடர்நிறப் புள்ளிகளை வையுங்கள். ஈரத்தில் வைத்தால் கலங்கிவிடும். வாழ்த்து எழுத இடம் வேண்டுமா? ஒட்டி எடுக்கும் குறிப்புத் தாளை அந்த இடத்தில் முதலிலேயே ஒட்டுங்கள். எல்லாம் பதித்தபின் எடுத்துவிடுங்கள்.

அட்டையைப் பார்த்துப் பாட்டி சிரித்தார்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா வெட்டு தப்பா இருக்கேம்மா. இடது பக்கம் மேலேர்ந்து வலது பக்கம் கீழே இறங்கணும். அப்பத்தான் பால் நல்லா வரும்."

நான் செதுக்கியது சரிதான். அச்சு பதியும்போது இடம் வலமாக மாறிவிடும் என்பதைத்தான் மறந்துவிட்டேன். எழுத்தானாலும் சாய்கோடானாலும், கண்ணாடியில் தெரிவதுபோல் மாற்றிச் செதுக்க வேண்டும். சந்தேகமிருந்தால் வேண்டாத தாளில் ஒருமுறை பதித்துப் பாருங்கள்.

மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் முதலில் நடப்பட்டது நம் மலாக்காவில்தான். புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் டான் சே யான் தொடங்கிய தோட்டம் அது. பென்சில் கோட்டைத் தேய்த்து அழிக்கப் பயன்பட்டதால்தான் அந்தப் பாலுக்கு ஆங்கிலத்தில் ரப்பர் என்ற பெயரே வந்தது. இன்று பாட்டியின் தோட்டம் முழுதும் செம்பனை. வெட்டு எந்தப் பக்கம் சாயும் என்பதை என் வீட்டில் அவர் ஒருவர்தான் சொல்ல முடியும்.

இந்த ஆண்டு புதிய அச்சைச் செதுக்கிவிட்டேன். இம்முறை அட்டையில் பதிக்கும் முன்பே பாட்டியிடம் காட்டினேன். நீங்களும் கத்தியை எடுக்கும் முன், வீட்டுப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.