‘உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ்!’ - திரையில் மிரட்டும் பாப்-அப்... நிறுத்துவது எப்படி?

கரன்ட் பில் கட்டலாம் என்று வீட்டு கம்ப்யூட்டரை ஆன் செய்தால், திரையின் வலது ஓரத்தில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கிறது. ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்’ என்கிறது. மூடினால், ‘ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது’ என்று அடுத்தது வருகிறது. உடனே சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பெரும்பாலும் இது வைரஸே கிடையாது. நாமே தெரியாமல் கொடுத்த ஒரு அனுமதி.

அப்போ எங்கிருந்து வருது?

2015 முதல் குரோம் பிரவுசரில் இணையதளங்கள் நோட்டிஃபிகேஷன் அனுப்பும் வசதி இருக்கிறது. எங்களைப் போன்ற செய்தித் தளங்களும் இதைப் பயன்படுத்துகின்றன. இதே வசதியை ஸ்பேம் கும்பல்களும் பிடித்துக்கொண்டன. இலவசப் படம், கிரிக்கெட் லைவ் என்று தேடிப் போகும்போது, ‘நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் அழுத்தவும்’ என்று கேட்பார்கள். அழுத்தினால் முடிந்தது. அந்தத் தளத்தை மூடிய பிறகும், பிரவுசர் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் மெசேஜ் வந்துகொண்டே இருக்கும்.

பிரவுசரில் உள்ள பாப்-அப் பிளாக்கர் இதைத் தடுக்காது. காரணம், அது தனியாகத் திறக்கும் விளம்பர ஜன்னல்களைத்தான் தடுக்கும். இதுவோ நீங்கள் அனுமதித்த நோட்டிஃபிகேஷன்.

நிறுத்துவது எப்படி?

* குரோமில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, செட்டிங்ஸ் செல்லுங்கள்.
* பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ்.
* அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். பெயரே புரியாத தளங்களை பிளாக் செய்யுங்கள்.
* அதே பக்கத்தில், இனி எந்தத் தளமும் நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி கேட்கக் கூடாது என்றும் மாற்றி வைக்கலாம்.

எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர்களிலும் செட்டிங்ஸில் இதே போன்ற பட்டியல் உண்டு. அதன் பிறகும் தொல்லை தொடர்ந்தால், நீங்கள் போடாத எக்ஸ்டென்ஷன் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். பிறகு விண்டோஸிலேயே இருக்கும் விண்டோஸ் செக்யூரிட்டி மூலம் ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். இதற்குத் தனியாகப் பணம் தேவையில்லை.

திரை முழுக்க எச்சரிக்கை வந்தால்?

அந்த பாப்-அப்பை கிளிக் செய்தால்தான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. திரை முழுவதும் எச்சரிக்கை, அலறும் சத்தம், நடுவில் ஒரு போன் நம்பர். ‘உடனே அழையுங்கள், கம்ப்யூட்டரை ஆஃப் செய்யாதீர்கள்’ என்று மிரட்டும். அழைத்தால், ரிமோட் ஆக்சஸ் செயலி ஒன்றை இன்ஸ்டால் செய்யச் சொல்வார்கள். அத்துடன் உங்கள் கம்ப்யூட்டரும் நெட் பேங்கிங்கும் அவர்கள் கையில்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது. இதை அந்த நிறுவனமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நம்பர் இருந்தாலே அது மோசடிதான்.

எஸ்கேப் பட்டனை சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். சரியாகவில்லை என்றால் ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். அதற்கும் அசையாவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்யுங்கள். மீண்டும் பிரவுசரைத் திறக்கும்போது, பழைய பக்கங்களைத் திரும்பக் கொண்டுவரவா என்று கேட்டால், வேண்டாம் என்று விட்டுவிடுங்கள்.

இந்தியாவிலிருந்தே இயங்கிய கும்பல்கள்

2023 அக்டோபரில் ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் சிபிஐ நாடு முழுவதும் 76 இடங்களில் சோதனை நடத்தியது. மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்கள் அளித்த புகார்களும் இதில் அடக்கம். போலி கால் சென்டர்கள் நடத்தி, இதே பாப்-அப் உத்தியில் வெளிநாட்டினரை ஏமாற்றியதாகக் குற்றச்சாட்டு.

பணம் போய்விட்டால்?

முதலில் இன்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள். உடனே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறுவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு. வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிடுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் இருந்தால், அந்த நோட்டிஃபிகேஷன் பட்டியலை இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான்.