நிறுத்திப் பார்க்கும் பெட்டி



பதுளை டவுனில் இருக்கும் எங்கள் சின்னம்மா வீட்டுக்கு முதன்முதலாக இன்டர்நெட் டீவி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஸ்ரீ லங்கா டெலிகொம் நிறுவனம் 'பியோ டீவி'யை 2008இல் தொடங்கியது. எங்கள் கண்ணில் அது பட இன்னும் சில வருடங்கள் சென்றன. பார்க்கப் போன எல்லோரும் முதலில் கூரையைத்தான் அண்ணாந்து பார்த்தோம். "டிஷ் எங்க?" என்று ஆளுக்கு ஆள் கேட்டோம். தம்பி சிரித்துக்கொண்டே டெலிபோன் வயரைக் காட்டினான். "போன் வயருக்குள்ள படம் எப்பிடிடா வரும்?" என்று சின்னம்மா அதைத் தொட்டுப் பார்த்தார், சுடுகிறதா என்று!

எனக்கு வந்த யோசனை வேறு. இது எங்கள் லயத்துக்கு எப்போது வரும்? அதற்கு வீட்டில் டெலிபோன் லைன் இருக்க வேண்டும். எங்கள் லயத்தில் ஒரு காம்பிராவுக்கும் அது கிடையாது. கடிதமே தோட்ட ஒபிசைச் சுற்றித்தான் வரும். ஆகவே நாங்கள் டிஷ்ஷோடு இருந்துவிட்டோம்.

இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியது 1979இல். ரூபவாஹினி வந்தது 1982இல். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் ஒரே ஒரு டீவி. கார் பெட்டரியில் ஓடும். சாக்கை விரித்து நாற்பது பேர் உட்கார்ந்து பார்ப்போம். பெட்டரி இறங்கினால் படமும் சுருங்கும்.

லயத்துக்கு இன்டர்நெட் டீவி கடைசியில் கைத்தொலைபேசிக்குள்தான் வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. மகளின் படிப்புக்காகக் கடன்பட்டு ஒரு போன் வாங்கினோம். சிக்னலுக்காக அவள் தேயிலை மலை உச்சிக்கு ஏறுவாள். எங்கள் பதுளை மாவட்டத்துப் போகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் அதற்காகக் காட்டுக்குள் பாறை ஏறிய செய்தி 2021இல் உலகமெல்லாம் போனது. அந்தப் போனில்தான் யூடியூப்பும் இருந்தது.

அப்போது பெரியம்மா மகள், எங்கள் அக்கா, எங்களோடு இருந்தார். 83 கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய குடும்பம் அது. 2009இல் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது அக்காவின் மகன் கூட வரவில்லை. இன்றுவரை தகவல் இல்லை.

யூடியூப்பில் பழைய செய்திப் படம் ஒன்றைப் பார்த்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி: "இத நிப்பாட்டலாமா புள்ள?"

நான் விரலால் தொட்டு நிறுத்திக் காட்டினேன். அக்கா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். முன்பு டீவி செய்தியில் சனக்கூட்டம் வரும், முகங்கள் ஓடிப் போய்விடும். இதில் ஓடாது. ஒவ்வொரு முகமாக நிறுத்தினார். அன்றிரவு அவர் தூங்கவில்லை. அடுத்த இரவும் அப்படித்தான். சோறு வேண்டாம் என்றார். தேடாமலே மேலும் மேலும் யுத்தப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. "தேட ஆள் வச்ச மாதிரி தானா கொண்டுவருது" என்றார்.

அதன் விளக்கத்தை மகள் சொன்னாள். அன்டெனா எல்லா வீட்டுக்கும் ஒரே படத்தை அனுப்பும். யூடியூப் அப்படி இல்லை. நாம் எதைப் பார்க்கிறோம், எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்று கணக்கு வைத்து, அதைப் போன்றதையே திரும்பக் கொண்டுவரும். நம் துக்கம் அதற்குத் தெரியாது. துக்கத்தில் நாம் பார்த்தது மட்டும் தெரியும்.

சகோதரிகளே, போனைப் பிடுங்கி வைப்பது மருந்தல்ல. நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

ஒன்று, 'ஓட்டோ பிளே'யை நிறுத்தினோம். ஒரு படம் முடிந்தால் மற்றது தானாக ஓடாது. பார்த்தவற்றின் 'ஹிஸ்டரி'யையும் அழித்தோம்.

இரண்டு, இரவில் தனியாகப் பார்ப்பதில்லை. பகலில், நான் பக்கத்தில் இருக்க, அரை மணித்தியாலம்.

மூன்று, சந்தேகமான முகம் தெரிந்தால் படத்தின் பெயர், திகதி, எத்தனையாவது நிமிடம் என்று கொப்பியில் எழுதுவோம். 2016ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த காணாமற்போனோர் அலுவலகத்துக்கு அதை அறிவிக்கலாம். அதில் நம்பிக்கை இழந்த தாய்மார் பலர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதிக்கு இறங்கியவர்கள் அவர்கள்தான். அக்காவும் முழு நம்பிக்கையோடு எழுதவில்லை. ஆனாலும் எழுத்தில் ஒன்று இருக்கட்டும் என்கிறார்.

நான்கு, "உங்கள் பிள்ளையைக் கண்டேன், காசு அனுப்புங்கள்" என்று எவராவது சொன்னால் காசும் கொடுக்க வேண்டாம், அடையாள அட்டை விபரமும் கொடுக்க வேண்டாம்.

போன வைகாசியில் மகள் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலைத் தேடிப் போட்டுக் கொடுத்தாள். அக்கா எழுந்து நின்று கும்பிட்டார். "நான் அவன இடுப்புல வச்சிக்கிட்டுப் போன கோயில்" என்றார். பதினைந்து வருடத்துக்கு மேல் அந்த மண்ணை அவர் பார்க்கவில்லை. அன்று ஒரு முறைகூடப் படத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஓட விட்டு, முடியும் வரை பார்த்தார். பிறகு சோறு கேட்டார்.

அக்கா தேடுவதை விடவில்லை. விடச் சொல்ல எனக்கும் உரிமையில்லை. தேடும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் இரவில் போன் வெளிச்சத்தில் ஒரு முகம் தெரிந்தால், எழுந்து போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.